சந்தேகத்தின் பலன்

நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் சொற்றொடர் ஒன்று உண்டு: “சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.” படிக்கும்போது நமக்குக் கோபம் வரும். ‘செஞ்சது அவன்தான்னு ஊருக்கே தெரியும், கோர்ட்டுக்கு மட்டும் தெரியலையா?’ என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். ஆனாலும் மனிதர்கள் பல நூற்றாண்டுகள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட நல்ல விதி அது. சிறையில் கழிந்த வருடங்களை யாரும் திருப்பித் தர முடியாது. அதனால் தண்டிக்கும் கை தயங்க வேண்டும். குற்றவாளி ஒருவன் தப்பிப் போவதால் வரும் இழப்பு, நிரபராதி ஒருவன் உள்ளே கிடப்பதால் வரும் இழப்பைவிடச் சிறியது என்று நாம் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

இதே விதியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது. சற்றுத் தள்ளி ஓர் ஆலையின் கழிவு மேடு. நடுவில் பாறை. மேட்டிலிருந்து கசிந்ததுதான் கிணற்றுக்கு வந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வந்த வழியை மட்டும் யாராலும் முழுதாகக் காட்ட முடியவில்லை. இங்கே சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்?

*

நான் இருப்பது அம்பத்தூரில். பூந்தமல்லிக்குப் போய் அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே நூறு கிலோமீட்டர் சுமாருக்கு ஓட்டினால் ராணிப்பேட்டை வந்துவிடும். வழியில் டோல்கேட்டையும் தொழிற்சாலைகளையும் கவனிக்கும் நாம், காலுக்குக் கீழே நிலம் மாறிக்கொண்டே போவதைக் கவனிப்பதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மேலே வண்டலும் களிமண்ணும். அதற்கடியில் கோண்டுவானாக் காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும். கெட்டிப் பாறை அதற்கும் கீழே. ராணிப்பேட்டையை நெருங்கும்போது அந்தக் கெட்டிப் பாறை மேலே வந்துவிடுகிறது. கிரானைட்டும் நைஸும் பல்லாயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் சிதைந்து சில மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகிக் கிடக்கின்றன. அதற்குக் கீழே விரிசல் விட்ட பாறை. அங்கே கிணறும் போரும் நம்பியிருப்பது இந்தச் சிதைவிலும் விரிசலிலும் தேங்கிய தண்ணீரைத்தான்.

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் ஓடியது. குரோமியத் தாதுவிலிருந்து தோல் பதனிடுவதற்கும் பிற தொழில்களுக்கும் வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு வளாகத்திலேயே மேடாகக் கிடந்தது. மூடி இருபது ஆண்டுகள் கடந்தும் அங்கேயேதான் கிடந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் தோல் தொட்டியில் பயன்படுவது. பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரில் நன்றாகக் கரையும், களிமண்ணில் அதிகம் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். நஞ்சு என்று பேசுவது இதைத்தான். செறிவு கூடினால் தண்ணீர் மஞ்சளாகத் தெரியும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் குரோமியத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மஞ்சளாகத் தெரிகிறது என்றால் எல்லையைக் கடந்து வெகுதூரம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்த மேட்டைச் சுற்றி மின்தடை ஆய்வு செய்தார்கள். கிணற்று நீரைச் சோதித்தார்கள். நஞ்சு எப்படி நகரக்கூடும் என்று கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களது ஆய்வு 2011-ல் சர்வதேச நிலத்தடி நீரியல் இதழ் ஒன்றில் வெளியானது. அந்த வகை ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால்தான் நம் கேள்விக்கு வர முடியும்.

*

நம் ஊரில் போர் போடுவதற்கு முன்னால் இரண்டு வகை ஆட்களைக் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர். ‘மிஷின் வச்சு’ப் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டாமவர் செய்வது எளிய காரியம். நிலத்தில் நேர்க்கோட்டில் நான்கு கம்பிகளை அடிக்கிறார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரத்தை உள்ளே விடுகிறார். உள் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மின்னழுத்தம் என்று அளக்கிறார். வெளிக் கம்பிகளைத் தள்ளி வைக்க வைக்க, மின்சாரம் இன்னும் ஆழத்துக்கு இறங்கிப் போய்த் திரும்பும். விரிசலில்லாத கெட்டிப் பாறை மின்சாரத்தைத் தடுக்கும். ஈரமான விரிசல் விடும். உப்பும் ரசாயனமும் கரைந்த தண்ணீர் இன்னும் தாராளமாக விடும். இப்படி நூற்றுக்கணக்கான அளவுகளை எடுத்துக் கணினியில் கொடுத்தால், பூமிக்கு அடியில் இருப்பது நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணப்படமாக வரும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப அது மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளைப் பரப்புகிறது. அதே அலைகளைக் கையில் பிடித்த கருவியால் வாங்கி, பாறையில் நீர் நிரம்பிய விரிசல் எங்கே ஓடுகிறது என்று நம் புவி இயற்பியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். போருக்காக எழுப்பிய கோபுரம் ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றின் வம்சாவளியைச் சொல்ல உதவுகிறது.

இவ்வளவு இருந்தும் படம் ஏன் தீர்ப்பாகாது? இரண்டு காரணங்கள்.

முதலாவது பாறையின் குணம். மணலில் நஞ்சு கலந்தால் அது ஓரளவு ஒழுங்காகப் பரவும். ஊற்றுக்கு அருகில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. புகை மாதிரி. விரிசல் பாறையில் இந்த ஒழுங்கு கிடையாது. ஒரு விரிசல் வழியே போகும் நீரின் அளவு, விரிசலின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அகலம் இரண்டு மடங்கானால் நீர் எட்டு மடங்கு. அதனால் ஆயிரம் விரிசல்கள் இருந்தாலும் தண்ணீரில் பெரும்பகுதி நான்கைந்தின் வழியாகத்தான் போகும். மேட்டுக்குப் பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்கலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணறு கெட்டுப்போகலாம். இந்த நான்கைந்து விரிசல்களும் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும். அறுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அப்படியொரு கோட்டை, மேலே நின்றுகொண்டு எந்த மின்தடைப் படத்திலும் பிரித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது கணிதத்தின் குணம். கூட்டுத்தொகை 12 என்று மட்டும் உங்களிடம் சொன்னால், கூட்டிய எண்கள் ஏழும் ஐந்துமா, பத்தும் இரண்டுமா என்று சொல்ல முடியாது. மின்தடை ஆய்வும் இதுதான். மேலே அளந்த எண்களோடு பொருந்தும் பூமிகள் பல உண்டு. படத்தில் ஓரிடம் மின்சாரத்தை நன்றாக விடுகிறது என்றால் அங்கே நஞ்சு கலந்த நீர் இருக்கலாம். இயற்கையிலேயே உப்பான நீர் இருக்கலாம். வெறும் களிமண்ணாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல அங்கே துளை போட்டுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி இடமென்றால் இன்னும் சிரமம். மண்ணுக்குள் புதைந்த கேபிளும் இரும்புக் குழாயும் படத்துக்குள் தங்கள் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடும்.

என் வேலையில் ஒரு கோரிக்கை இருபது சர்வர்களைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்துவிட்டால், அதன் நெற்றியில் ஒட்டிய அடையாள எண்ணை வைத்து எங்கே விழுந்தது என்று தேடிவிடலாம். அந்த எண்ணை ஒட்டி அனுப்பும் ஏற்பாட்டை யாரோ ஒருவர் முன்கூட்டியே செய்திருப்பார். பாறைக்குள் இறங்கிய தண்ணீருக்கு அப்படி யாரும் எண் ஒட்டி அனுப்பவில்லை. இதை நான் ஒப்பீட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. தடம் பிடிக்க முடியாமல் போவது எப்போதும் இயற்கையின் புதிர் மட்டுமே அல்ல. எதை எப்போது எவ்வளவு கொட்டினோம் என்று குறித்து வைக்காததும் சேர்ந்துதான் அந்தப் புதிரை உண்டாக்குகிறது.

*

நிலத்தடி நீர் ஆய்வு அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: கூடுதல் ஆய்வு தேவை. எழுதிய விஞ்ஞானிக்கு அது நேர்மை. தனக்குத் தெரிந்ததன் எல்லையை அவர் சொல்கிறார். ஆனால் அந்த வரி அறிக்கையை விட்டு வெளியே வந்ததும் வேறு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஆலைத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று படிக்கும். விஞ்ஞானியின் அடக்கம் இன்னொருவரின் விடுதலைப் பத்திரமாகிறது. மறுபக்கம் கோபத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள், படத்தில் தெரியும் சிவப்புத் திட்டைக் காட்டி ‘பாருங்க, இதுதான் வெஷம்’ என்பார்கள். அது களிமண்ணாகவும் இருக்கலாம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கம் பதின்மூன்று கிராமங்களில் தன்னார்வ அமைப்பு ஒன்று எடுத்த கணக்கெடுப்பு. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அந்த எண்ணைப் படித்தபோது என் மனம் மீதி 117 கிணறுகளிடம் போனது. அதே ஊர், அதே பாறை, அதே தோல் பதனிடும் தொழில். இந்த 117 மட்டும் ஏன் தப்பின? மணலின் தர்க்கத்தில் யோசிப்பவருக்கு இந்தக் கிணறுகள் ஆலைக்குச் சாதகமான சாட்சிகள். ‘பக்கத்துக் கிணறு நல்லா இருக்கே, அப்புறம் எப்படி எங்க கழிவுன்னு சொல்றீங்க?’ விரிசல் பாறையைப் புரிந்துகொண்டவருக்கு இவை எந்தத் தரப்புக்கும் சாட்சி இல்லை. பாறை அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் பொது மேடையில் எப்போதும் முதலில் எடுபடுவது மணலின் தர்க்கம்தான். அது நம் பொது அறிவுக்கு நெருக்கமானது.

அறிவியலால் தர முடியாத துல்லியத்தைச் சட்டம் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. பாஸ்டனுக்கு வடக்கே வோபர்ன் என்ற ஊர். 1960களில் திறந்த இரண்டு நகராட்சிக் கிணறுகளில் தொழிற்சாலைக் கரைப்பான்கள் கலந்திருப்பது 1979-ல் தெரியவந்து, கிணறுகள் மூடப்பட்டன. அந்தப் பகுதியில் பல குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய். எட்டுக் குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. எதிர்த்தரப்பில் இருந்த இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்றின் பொறுப்பில் இருந்தது ஒரு தோல் பதனிடும் ஆலை. ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

1986-ல் நடந்த விசாரணையில் நீதிபதி ஜூரிகளிடம் எழுத்தில் கேள்விகளைக் கொடுத்தார். இந்த ரசாயனம் இந்தக் கிணற்றை எந்த ஆண்டு எந்த மாதம் வந்தடைந்தது என்று சொல்லுங்கள். நீரியல் அறிஞர்களே ஒருவரோடொருவர் உடன்படாத விஷயத்தில், சாதாரண மனிதர்கள் ஆறுபேர் மாதத்தைக் குறிக்க வேண்டும். அவர்கள் குறித்தார்கள். தோல் ஆலைத் தரப்பை விடுவித்தார்கள். மற்ற நிறுவனத்தைப் பொறுப்பாக்கினார்கள். அவர்கள் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அந்த நிறுவனம் 80 லட்சம் டாலர் கொடுத்து வெளியே சமாதானம் செய்துகொண்டது. சில வருடங்கள் கழித்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் சுமார் 7 கோடி டாலர் செலவைப் பல நிறுவனங்களின் தலையில் வைத்தது. அதில் ஜூரிகள் விடுவித்த தரப்பும் இருந்தது.

ஒரே பூமி, ஏறக்குறைய ஒரே சான்றுகள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். காரணம் இரண்டு இடங்களிலும் கேட்ட கேள்வி வேறு. நீதிமன்றம் கேட்டது: இந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்ததற்கு நீதான் காரணம் என்று காட்ட முடியுமா? முகமை கேட்டது: உன் நிலத்திலிருந்து நஞ்சு இறங்கியிருக்கிறதே, அதை எடுக்கும் செலவில் உன் பங்கு எவ்வளவு?

*

இந்த இரண்டு கேள்விகளையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினையின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொலை வழக்கில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தால், நடந்த கொலை நடந்ததுதான். அந்த விடுதலை தினமும் காலையில் இன்னொருவரைக் கொல்வதில்லை. நிலத்தடி நீரில் அப்படி இல்லை. தீர்ப்பு வராத ஒவ்வொரு நாளும் யாரோ அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கிறார்கள், அல்லது அதற்குப் பயந்து கேன் வாங்குகிறார்கள், அல்லது நிலத்தைத் தரிசாகப் போடுகிறார்கள். சந்தேகம் நீடிக்கும் காலத்துக்கு ஒரு செலவு உண்டு. பேசாமல் விட்டால் அது தானாகவே கிணற்றுக்காரர் தலையில் விழும். ஆலை தன் பங்குக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, காத்திருந்தால் போதும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. குற்ற வழக்கில் தனிமனிதன் அரசை எதிர்த்து நிற்கிறான். போலீஸ், ஆய்வுக்கூடம், வழக்கறிஞர் எல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலன் அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் சமன் செய்ய வந்தது. இங்கே ஏற்றத்தாழ்வு தலைகீழ். எந்த ரசாயனத்தை எத்தனை டன் வாங்கினோம், கழிவு எவ்வளவு, எங்கே போட்டோம் என்ற கணக்கு ஆலையிடம் இருக்கிறது. கிணற்றுக்காரரிடம் இருப்பது நாக்கு மட்டும். ‘தண்ணி ஒரு மாதிரி கசக்குது சார்.’ இவரிடம் போய் நிரூபி என்று சொல்வது, பூட்டிய வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெருவில் நிற்பவனைக் கேட்பது மாதிரி.

1996 தீர்ப்பின் முக்கியத்துவம் இங்கேதான். நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பு, தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பைத் தொழில் செய்பவரின் பக்கம் மாற்றியது. அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. அப்போது அம்பத்தூரும் பூந்தமல்லியும் அடங்கியிருந்த செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம் அந்த ஐந்தில் ஒன்று.

*

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. இரண்டும் கனமானவை.

முதலாவது எங்கள் தெருவிலிருந்தே வந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் நான்கைந்து வீடுகளின் போர் தண்ணீரில் ஒரு உலோக வாடை. ஆளுக்கொரு டி.டி.எஸ் மீட்டர் வாங்கி, வாட்ஸப் குழுவில் எண்களைப் போட ஆரம்பித்தார்கள். பின் தெருவில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஒரு பிளேட்டிங் பட்டறை இருக்கிறது. சந்தேகம் நேராக அங்கே போனது. பட்டறையை மூடச் சொல்லி மனு தயாரானது. அதில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் நிறைய யோசித்தேன். பாதி வீடுகளில் செப்டிக் டேங்க் இருக்கிறது. டி.டி.எஸ் மீட்டர் மொத்தக் கரைபொருளை மட்டும் காட்டும். எந்த உலோகம் என்று சொல்லாது. நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது என்று ராணிப்பேட்டை ஆலையிடம் சொல்வதும், வாடகைக் கொட்டகையில் ஓடும் பட்டறையிடம் சொல்வதும் ஒன்றா? முன்னெச்சரிக்கை என்ற பெயரில் நாம் கையில் எடுப்பது பல சமயம் நமக்குப் பிடிக்காத, நம்மைவிட எளியவர்களை அப்புறப்படுத்தும் கோலாக இருக்கிறது.

இந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டு கேள்விகளையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். மூடுவது தண்டனை, அதற்கு உயர்ந்த சான்று வேண்டும், சந்தேகத்தின் பலன் அங்கே பட்டறைக்குத்தான். ஆனால் கழிவுநீரைச் சோதனைக்குத் திறந்து காட்டுவது தண்டனை இல்லை. அதற்கு நியாயமான சந்தேகம் போதும். கடைசியில் மனுவை மாற்றி எழுதினோம். பட்டறையின் கழிவுநீர், செப்டிக் டேங்குகள், எங்கள் போர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கேட்டோம். எங்கள் வீட்டுத் தொட்டிகளையும் பட்டியலில் சேர்த்ததும் இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நிரூபிக்கும் பொறுப்பு எல்லோருக்கும் கசக்கிறது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. பாறைக்குள் தண்ணீர் தானாகப் போவதைவிட, இழுக்கப்பட்டு வருவதே அதிகம். ஒரு போரில் மோட்டார் ஓடும்போது சுற்றியுள்ள விரிசல்களில் அழுத்தம் குறைந்து, நீர் அந்தப் பக்கம் திரும்பும். வோபர்னிலும் நகராட்சிக் கிணறுகள் அவ்வளவு நீரை இறைத்ததால்தான் நஞ்சு அந்தப் பக்கம் வந்தது என்ற வாதம் முக்கியமாக இருந்தது. அப்படியானால் ஆழமாகப் போர் போட்டு, நாள் முழுக்க மோட்டார் ஓட்டியவரும் காரணம்தானே?

காரணம்தான். ஆனால் காரணமாக இருப்பதும் பொறுப்பாளியாக இருப்பதும் வேறு. என் வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்ததால் பக்கத்து ஆலையின் புகை உள்ளே வந்தது. ஜன்னலைத் திறந்தது அந்த நிகழ்வின் ஒரு காரணம். ஆனால் காற்றுக்காக ஜன்னல் திறப்பது ஒரு மனிதன் செய்ய உரிமையுள்ள காரியம். புகையை அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புவது அப்படியில்லை. பயிருக்கும் குடிக்கவும் அளவோடு நீர் இறைப்பவர் இதைத்தான் செய்கிறார். அளவில்லாமல் இறைத்து விற்பவரின் கணக்கு வேறு. அதில் அவருக்கும் பங்கு உண்டு. விரிசல் பாறை இந்த வேறுபாடுகளையெல்லாம் கலந்து ஒரே தண்ணீராகத்தான் தரும். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

*

நஞ்சை அனுப்பியவரே இல்லாமல் போய்விட்டால்? விரிசல் பாறையில் இது தத்துவக் கேள்வி இல்லை, நடைமுறை. நஞ்சு விரிசலில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறிப்போகும். மேலே கழிவை அகற்றி, விரிசலில் நல்ல தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகும், ஊறியது திரும்பக் கசிந்துகொண்டே இருக்கும். பல பத்தாண்டுகளுக்கு. நிறுவனங்களின் ஆயுள் பாறையின் ஞாபகத்தைவிடக் குறைவு. ஆலை மூடி, முதலீடு போன இடம் தெரியாமல் போய், வழக்கறிஞர்கள் மாறிய பிறகும் பாறை பழைய கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பாலாற்றுப் படுகையில் இது எப்படி நடந்தது என்று பார்க்கலாம். 1996 தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். எந்த ஆலையின் கழிவு எந்தக் கிணற்றுக்குப் போனது என்று அங்கேயும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட முடியாது. பங்கிட்டார்கள். அதுகூட முழுதாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தந்த அந்தத் தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

‘நம்ம வரிப்பணத்துல எவனோ செஞ்சதுக்கு ஏன் கொடுக்கணும்?’ என்று இதைக் கேட்டவுடன் தோன்றலாம். ஆனால் சிப்காட் நிலத்தை ஒதுக்கியது அரசு. உரிமம் கொடுத்தது, வரி வாங்கியது அரசு. அந்தத் தோலை ஏற்றுமதி செய்து வந்த அந்நியச் செலாவணி நம் எல்லோருக்கும் பயன்பட்டது. ஆலைக்கும் கிணற்றுக்கும் நடுவே அரசு வெறும் நடுவர் இல்லை. முக்கியமாக, கிணற்றுக்காரரைவிட அரசால் காத்திருக்க முடியும். வசூல் செய்யப் பத்து ஆண்டுகள் ஆனால் அரசு தாங்கும். அறுபது வயது விவசாயி தாங்க மாட்டார்.

இப்போது முதல் கேள்விக்கு என் பதில். யாரைத் தண்டிப்பது என்பதில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகட்டும். அதில் கை வைக்க வேண்டாம். யாருக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது, யார் கணக்கைத் திறப்பது, யார் மேட்டை மூடுவது என்பதில் சந்தேகத்தின் பலன் கிணற்றுக்குப் போக வேண்டும். மின்தடைப் படத்தின் சரியான இடமும் அப்போது தெரிகிறது. எங்கே சோதனைத் துளை போடுவது, எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் இழுப்பது என்று முடிவு செய்ய அந்த மங்கலான படம் தாராளமாகப் போதும். ஒருவரைச் சிறைக்கு அனுப்ப மட்டும்தான் அது போதாது.

கூடுதல் ஆய்வு தேவை என்று எழுதும் விஞ்ஞானியிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளும் அலுவலகம், அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கூடுதல் ஆய்வு முடியும்வரை இந்த ஊருக்குக் குடிதண்ணீர் யார் கொடுக்கிறார்கள், யார் செலவில், எந்தத் தேதியிலிருந்து என்று.